வெண்ணெயின் பால்

வீப்கே கடலோரத்துக்காரி, ஃபிளென்ஸ்பர்க்.
அவளுக்கு வெண்ணெய் பெண்பால்: டீ புட்டர்.
கோட்ஹில்ஃப் ராய்ட்லிங்கன் மலைச்சரிவில் பிறந்தவர்.
அவருக்கு ஆண்பால்: டெர் புட்டர்.
அவர் அப்பாவுக்கும் அப்படித்தான்,
அவர்கள் வீட்டு மாட்டுக்கும்கூட.

முப்பத்தொரு வருடம், காலை ஏழு மணி.
'உருகிவிட்டாள் பாருங்கள், யார் வெளியே வைத்தது?'
'உருகிவிட்டான்.'
'அகராதியில் பார்க்கலாமா?'
'அகராதிக்காரன் என்றைக்காவது பால் கறந்தானா?'

நமக்கென்ன, உருகினால் உருகியது,
அஃறிணையோடு தீர்ந்தது வழக்கு.
அவர்களுக்கோ மேசை ஆண், விளக்கு பெண்,
ரொட்டி இரண்டுமில்லை, டாஸ்.
அதிலெல்லாம் ஒரு நாளும் சண்டையில்லை.

பிப்ரவரியில் அவர் மூளையில் ரத்தம் அடைத்தது.
சொற்கள் திரும்பி வந்தன, ஒவ்வொன்றாக,
டெர், டீ, டாஸ் எதுவும் இல்லாமல்,
ரயிலில் தொப்பியை விட்டுவிட்டு இறங்கியவர்களைப் போல.
'ரொட்டி.'
'ஜன்னல்.'
'வெண்ணெய்.'
வெறும் வெண்ணெய்.
கத்தியும் கையுமாக அவள் காத்திருப்பாள்,
மிச்சத்துக்கு.

இன்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள்:
'டாஸ் புட்டர்.'
இரண்டு ஊரிலும் எந்தக் கிறுக்கனும் சொல்லாதது.
அவர் புருவம் நெரிந்தது.
கோணிய உதட்டோரம் ஒரு 'ர்ர்' புறப்பட்டது.

டெர் என்பதன் வாலா,
புட்டர் என்பதன் வாலா,
யாருக்குத் தெரியும்.

'இல்லவே இல்லை, டீ!' என்று பாய்ந்தாள் வீப்கே,
அவர் ரொட்டியில் இரண்டு மடங்கு தடவிக்கொண்டே,
'டீ, டீ, டீ,
எத்தனை தடவை சொல்வது உங்களுக்கு.'