பாக்கி

கெலமங்கலம் ரோட்டில், டயர் கடைக்குப் பின்னால்,
ஜிகினா வைத்த கல்யாணப் போர்வை காயும் கயிற்றடியில்
நின்றிருந்தாள்.
உயரம் பன்னிரண்டு கை. என் கையால் பதின்மூன்றரை.
குதிரைக்குக் கையளவு வகுத்தவன்
பெரிய கைக்காரனாக இருந்திருப்பான்.

மாடு முடிந்து, ஆடு முடிந்து, கோழியும் முடிந்து
கணக்கெடுப்புக் கருவியில் குதிரைக்கென்று ஒரு பக்கம்
இந்த வட்டத்தில் முதல் தடவையாகத் திறந்தது.
இனம்? என்றது.
கீழே ஒரு பட்டியல் தொங்கியது:
கத்தியவாரி, மார்வாரி, மணிப்புரி, ஸ்பித்தி, சன்ஸ்காரி.

குத்தூஸ் பீடியை அணைத்தான்.
"யாரு கேக்கறாங்கன்றதைப் பொறுத்து, மேடம்.
சேட்டு வீட்டு ஊர்வலம்னா மார்வாரி.
நிக்காஹ்வுக்குப் போனா அரபி.
தருமபுரி மாநாட்டுக்குப் போனப்ப
அதியமான் படைக் குதிரை வம்சம்னு போர்டே வெச்சாங்க.
எதை எழுதுனா மானியம் வரும்?"

கத்தியவாரிக்குக் காதுநுனி இரண்டும் உள்வளைந்து தொட்டுக்கொள்ளும்.
இவள் காதுகள்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி
ஆளுக்கொரு பக்கம்.

பயிற்சிக் கையேட்டில் இல்லாததை
நேற்றிரவு தேடிப் படித்திருந்தேன்.
ஷெட்லாந்துத் தீவில் குட்டையாகப் பிறந்த குற்றத்துக்கு
நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறக்கப்பட்டவை.
ஐஸ்லாந்தை விட்டு ஒருமுறை வெளியேறினால்
பந்தயத்தில் ஜெயித்தாலும் திரும்ப முடியாதவை.
கனடாவுக்கு அப்பால் ஒரு மணல்தீவில்
உடைந்த கப்பலிலிருந்து நீந்தி வந்தவை என்று கதை;
ஊரை விட்டே துரத்தப்பட்ட குடிகளின் குதிரைகளை
ஒரு வியாபாரி கொண்டுவந்து இறக்கினான் என்று கணக்கு.
கதைக்குத்தான் ஈரம் அதிகம்.
காஸ்பியன் கடலோரத்தில் ஒன்று,
ஆயிரம் வருடம் முன்பே அழிந்ததாக எழுதியாயிற்று.
பிறகு பார்த்தால் கடைத்தெருவில் வண்டி இழுக்கிறது.
அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை
அழிந்துவிட்டாய் என்று.

மத்திகிரி இங்கிருந்து கூப்பிடு தூரமில்லை.
குதிரைக்குப் பக்கம்தான்.
இன்றைய மாட்டுப்பண்ணையில் அன்றைக்கு
வெள்ளைக்காரன் படைக்குக் குதிரை பழக்கினார்கள்.
ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி
மெட்ராஸில் கால் நடுங்க இறங்கியவற்றுக்கெல்லாம்
எண் உண்டு, சூடு உண்டு, ரிஜிஸ்டர் உண்டு.
ஏதோ ஒரு இரவு வேலி தாண்டியதற்கும்
ஜட்கா வண்டி மட்டக்குதிரை ஒன்று
ராகி அரிதாளில் காத்திருந்ததற்கும்
ரிஜிஸ்டர் கிடையாது.
இது நான் கட்டியது. குத்தூஸ் கட்டியதைவிட
ஒரு பிடி நம்பும்படி இருக்கிறது, அவ்வளவே.

"நெஜத்தைச் சொல்லுங்க."
"நெஜம்னா, சூளகிரி தக்காளி மண்டி.
முப்பதாயிரம் வரணும். இருபத்திரெண்டு குடுத்தான்.
மீதிக்கு இவ. அதான் பேரு, பாக்கி."
"அவனுக்கு எங்கேர்ந்து வந்தா?"
"அவனுக்கு யாரோ வெச்ச பாக்கியா இருக்கும்."

வீட்டில் எனக்குத் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
சந்தையில் கன்னடம், குத்தூஸோடு அரைகுறை உருது.
காதைப் பிடித்துப் பார்க்காமலே
இனம் கேட்டவர்கள் உண்டு என்னிடமும்.
வாடகை வீடு பார்க்கையில்.
பெண் பார்க்கையில்.
ஒருமுறை, தண்ணீர் கேட்ட வாசலில்.

பட்டியலின் கடைசி வரி: வகைப்படுத்த இயலாதவை.
தொட்டேன். நன்றி என்றது கருவி.
"மானியம்?"
"வராது."
"அப்ப மார்வாரின்னே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம சேட்டு வீட்டு விசேஷம்."

ராயக்கோட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
திரும்பிப் பார்த்தால், அளவு நாடாவின்
முதல் பத்து சென்டிமீட்டரை
நிதானமாக மென்று முடித்திருந்தாள்.

அடுத்த தெருவில் அன்றைக்கு அளந்த கன்றுகளெல்லாம்
அரசாங்கக் கணக்கில்
கொஞ்சம் உயரமானவை.