பெயரில்லாத ஒன்றரை சி.சி.

கிளேர்வுட் அடகுக்கடையில்
நின்றுபோன கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது.
பத்து ராண்டு.
கடைக்காரர் அதை ஏதோ குழாய்ப் பூட்டு என்றார்.
நான் மறுக்கவில்லை.
மறுத்திருந்தால் நாற்பது ஆகியிருக்கும்.

சாட்ஸ்வொர்த் வீட்டுச் சமையல்மேசையில்
செய்தித்தாள் விரித்து
இறுகிப்போன எண்ணெய்ப் பிசினைப்
பல் பிரஷ்ஷால் தேய்த்தோம், தவனேசனும் நானும்.
யாருடைய பிரஷ் என்று
மோகாம்பாளிடம் சொல்லவில்லை.

பக்கவாட்டில் பெயர் இல்லை.
வார்ப்பில் எழுத்து இருந்த இடத்தை
யாரோ அரத்தால் வழித்திருந்தார்கள்.
குளிர்த்தகடுகள் ஏழு.
"ஏழென்றால் இங்கிலாந்துக்காரன்" என்றான்.
"ஜெர்மன்காரனுக்கு எண்ணத் தெரியாதா" என்றேன்.
வெர்னியர் வைத்தோம்.
உருளையின் வாய் பன்னிரண்டரை மில்லிமீட்டர்,
பிஸ்டனின் ஓட்டம் பன்னிரண்டு.
ஒன்றரை சி.சி.க்கு ஒரு சொட்டுக் குறைவு.
தலையில் குளோ பிளக் இல்லை,
குறுக்குக்கம்பி செருகிய அழுத்தத் திருகு.
ஆக, டீசல்.
அதில் மட்டும் சண்டை இல்லை.

பொருத்தும் காதுக்கு அடியில் ஓர் எண்: 4417.
என் கொள்ளுப்பாட்டனுக்கும் எண் உண்டு
கப்பல் பதிவேட்டில்.
பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினான்.
அந்தப் பிழையைத்தான் இன்றும்
வங்கியில் கையெழுத்தாகப் போடுகிறேன்.
அது கிடக்கட்டும்.
ஊசி வால்வு வளைந்திருந்தது.

ஈதர் ஒரு பங்கு, மண்ணெண்ணெய் ஒரு பங்கு,
விளக்கெண்ணெய் ஒரு பங்கு.
ஆஸ்பத்திரியில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மோகாம்பாள்
வாசலிலேயே நின்றாள்:
"இங்கேயும் ஆபரேஷன் தியேட்டரா?"

கொல்லைப்புறத்துப் பலகையில் முடுக்கினோம்.
ஊசி இரண்டரைச் சுற்றுத் திறப்பு.
காற்றுவாயை விரலால் அடைத்து
விசிறியை இருமுறை சுற்றினால்
குழாயில் எரிபொருள் ஊர்ந்து வருவது தெரியும்.
பிறகு தட்டு.
தட்டு.
நாற்பதாவது தட்டில் என் நகம் பிளந்தது.
திருகைக் கால் சுற்று இறுக்கினேன்,
உதைத்தது பின்னால்.
"விளக்கெண்ணெய்!" என்றான் தவனேசன்.
இயந்திரத்தையா என்னையா,
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்மூடியைக் கழற்றினோம்.
காற்று கசிந்த இடம் அதுதான்:
சிகரெட் அட்டையில் வெட்டிய வாஷர், பாதி மட்கி.
மூடியின் உட்புறம் ஊசியால் கீறியிருந்தது
ஒரே ஓர் எழுத்து.
வே.
இங்கிலாந்தும் ஜெர்மனியும்
மேசையைவிட்டு இறங்கிப் போயின.
வேலாயுதமா? வேதவல்லியா?
"வேண்டாம்" என்பதில் பாதியா?
சர்க்கரை ஆலையில் யாரோ
இரவு ஷிஃப்ட்டில் லேத்தைத் திருடிக் கடைந்திருக்கலாம்.
தெரியாது.
மின்கட்டண உறையில் புது வாஷர் வெட்டினேன்.

மூன்றாவது தட்டில் தும்மல்.
நீலப்புகை.
கரகரத்து, எண்ணெய் துப்பி,
ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூட மூட
குரல் உடைந்து
ஒரே இழையாக நின்றது.
பக்கத்துவீட்டு நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

ஞாயிறு, பள்ளிக்கூடப் பந்து மைதானம்.
மூக்கு இரண்டு டிகிரி வெளிப்புறம் பார்க்க,
வெளிச்சிறகின் நுனியில் ஐந்து சென்ட் காசு ஒட்டி,
பதினாறு மீட்டர் கம்பி இரண்டு.
தவனேசன் கையை விட்டான்.
இழுத்தது.
மீன் இழுப்பதுபோல் இல்லை;
கடன்காரன் இழுப்பதுபோல், விடாமல்.

வட்டத்தின் நடுவில் நிற்பவன்
விமானத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும்.
அதன் பின்னால் ஊர் ஓடும்:
கோல்கம்பம், சுவர், மோகாம்பாள்,
கோல்கம்பம், சுவர், மோகாம்பாள்.
எப்போது வந்தாள்?
கோல்கம்பம், சுவர்,
அவள் கையில் ஏதோ.
கோல்கம்பம், சுவர்,
பிரஷ்.

தொட்டியில் இன்னும்
ஒன்றரை நிமிடத்துக்கு எண்ணெய் இருக்கிறது.