மூன்று கேட்ட இடத்தில் இரண்டு

காவேரிப்பட்டணம் ரோட்டில்
கூழ் ஆலையின் வாசலில் இருபத்தாறு லாரி.
எல்லாவற்றிலும் பெங்களூரா,
தார்ப்பாய்க்கு அடியில் அவசரமாகப் பழுத்துக்கொண்டிருக்கிறது.
உள்ளே, ஏசி அறையில்
நாலு டிஸ்க்கும் பச்சை விளக்கு எரிய உட்கார்ந்திருக்கின்றன
ஒரு எழுத்தும் தர மாட்டோமென்று.

ராத்திரி பத்தரைக்கு அப்டேட் கொடுத்தவன் நான்.
புது கெர்னல் எழுந்து வந்தது,
டிஸ்க்கைப் படிக்கிற மாட்யூல் கூட வரவில்லை.
பழசுக்கே திரும்பலாமென்றால்
இடம் போதவில்லை என்று போன வாரம்
அதை அழித்தவனும் நான்தான்.

ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு பேட்ச் எண்.
எத்தனை டிகிரியில் எத்தனை நொடி கொதித்தது
என்று ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கணக்கு.
கணக்கில்லாத கூழைக் கப்பல் ஏற்றாது.
ஷிப்ட் மேனேஜர் திம்மராஜ் கதவைத் திறந்து
"ஆச்சா?" என்பார். மூடுவார்.
பத்து நிமிஷத்துக்கு ஒரு ஆச்சா.

முதலில் மூலநிரலைத் தேடினேன்.
குறித்திருந்த முகவரி வீடு மாறியிருந்தது.
மாறிப் போன முகவரியில் பூட்டு.
ஏதோ குளிர்தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்று
யாரும் கேட்காமலே ஒரு நகல் வைத்திருந்தது.
பர்கூர் பக்கம் மழை, டவர் ஒற்றைக் கோடு,
இறங்க நாற்பது நிமிஷம்.

அடுத்து ஆவணம். பதினோரு பக்கம்.
நிறுவுவது எப்படி, நீக்குவது எப்படி,
யார் யாருக்கு நன்றி.
"பழுது பார்த்தல்" என்ற தலைப்பின் கீழ்
"பிறகு எழுதப்படும்."
தேதியைப் பார்த்தேன். ஒன்பது வருஷம்.
அந்தப் பிறகு இன்னும் வரவில்லை.

கம்பைல் செய்தால் ஒரே பிழை:
மூன்று கொடுக்கிறாய், எனக்கு இரண்டு போதும்.
எந்த மூன்றில் எந்த இரண்டு?
அந்த வரிக்கு மேலே
நிரலுக்குள்ளேயே ஒரு குறிப்பு:
"மூன்றாவது எதற்கென்று எனக்கும் தெரியவில்லை.
எடுத்தால் உடைகிறது. தொடாதீர்கள்."
அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

கோப்பின் தலையில் ஒரு பெயர், ஒரு மின்னஞ்சல்.
உதவி என்று இருந்தது அவ்வளவுதான்.
எழுதினேன், எனக்கு வந்த ஆங்கிலத்தில்,
லாரி எண்ணிக்கை உட்பட.

மூன்றே முக்காலுக்குப் பதில்.
"என்னிடம் அந்த இயந்திரம் இல்லை,
விற்று ஆறு வருஷம் ஆகிறது.
இந்தப் பூமியில் அதை இன்னும் ஓட்டுவது
நீங்கள் ஒருவர்தான் போல.
மூன்றாவதை எடுத்துப் பாருங்கள்.
படிக்க மட்டும் திறங்கள், எழுத வேண்டாம்.
என்ன ஆயிற்று என்று எனக்குச் சொல்லுங்கள்."

வழி கேட்கப் போனவனை
ஊர்க்காரனாக்கி விட்டார்கள்.

எடுத்தேன். திறந்தேன்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.
அப்புறம் மே பதினேழு, பேட்ச் நானூற்றுப் பன்னிரண்டு,
தொண்ணூற்று மூன்று டிகிரி.
அதன் பின்னால் மற்றவை,
கன்வேயரில் பழம் இறங்குகிறாப்போல
ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.

"ஆச்சா?"
"ஆச்சு சார். எதனால ஆச்சுன்னுதான் தெரியல."
"அதெல்லாம் யாருய்யா கேட்டா"
என்று கேட்டுக்கு விசில் அடித்தார்.

ஒருத்தர் கேட்டிருக்கிறாரே.

வெளியே முதல் லாரி பின்னால் வருகிறது,
வா வா வா, லெஃப்ட்ல ஒடி, வா, போதும்.
நான் அந்தப் "பிறகு எழுதப்படும்" வரியை அழிக்கவில்லை,
இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறது.
அதற்கு மேலே மட்டும் நாலு வரி சேர்த்தேன்:
கெர்னலின் எண், வந்த பிழை,
எடுத்தது எது, எடுத்தபின் நடந்தது.
ஐந்தாவதாக, வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து,
ஊர்.
கிருஷ்ணகிரி.
ஆங்கிலத்தில் எழுத்து சரியா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.