மிச்சக் காசு

மிதிபலகையில் நிற்பவனைக் காற்று பிடித்துக்கொள்ளும்
என்று நம்பிப் பதினொரு வருசம்.
அன்று பிடிக்கவில்லை.
தலை மதகுக் கட்டில்.
மறுகா எனக்குத் தெரிந்ததெல்லாம்
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியின் கூரை.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் காட்டினார்:
இடப்பக்கம் ஒரு வெள்ளை,
ஐந்து ரூபாய்க் குத்தி அளவு.
அதற்காக என் வலக்கை முழுவதும்
யாரோ சீற்றில் மறந்துவிட்டுப் போன பார்சலாய்க் கிடக்கிறது.

"அந்த ரோட்டு இனி இல்ல தம்பி,"
என்கிறா றிஸ்மியா மிஸ்.
"மூளை வேற ரோட்டுப் பார்க்கும்.
நீங்க அனுப்பிக்கொண்டே இருங்க."

அனுப்புகிறேன்.
கண்ணை மூடிக் கல்முனையில் மணி அடிக்கிறேன்.
பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை,
தோள்வரை பிசகில்லை.
பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு,
முழங்கையில் ஓந்தாச்சிமடம்.
அங்கேயே நிற்கிறது,
வெள்ளம் மூடிய பாலத்துக்கு முன்னால், எஞ்சின் ஓடியபடி.
உள்ளே சனம்.
ஒருவரும் இறங்கவில்லை.

காலையில் நாற்பது தரம். பின்னேரம் நாற்பது.
சுகிர்தா சட்டைக்குப் பொத்தான் போடும்போது
முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.
ஒருநாள் தண்ணீர் கேட்க வாயெடுத்து
"சில்லறை" என்றேன்.
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
பிறகு நான் மட்டும் அழுதேன்,
வாயின் ஒரு பக்கத்தால்.

தவேந்திரன் அண்ணன் பஸ்ஸை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்.
புதுப் பொடியனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.
டயர் விலை, களுதாவளையில் ஏறிய கிடாய் ஆடு,
அப்படியே எழும்பிப் போனார்.
ஹோர்ன் இரண்டு தரம் கேட்டது.
என் இடக்கை தானாக உயர்ந்து
இல்லாத தகரத்தில் தட்டியது:
"போலாம் றைட்!"
எங்கும் இடறாமல் வந்த ஒரே சொல்.
தெரு நாய் குரைத்தது.

நேற்று
பத்து ரூபாய்க் குத்தியை உள்ளங்கையில் வைத்து
விரல்களை ஒவ்வொன்றாய் மூடினாள் சுகிர்தா.
"மிச்சத்தத் தாங்க கா."
சுட்டுவிரலுக்குத்தான் அனுப்பினேன்.
எதனால் போனதென்று தெரியாது.
கிட்டங்கியில் கிறுகி,
படுவான்கரை வயல்களுக்குள்ளால்,
கொக்கட்டிச்சோலை தாண்டி
மண்முனைப் பாலத்தில் ஏறியதோ என்னவோ,
மோதிரவிரல்
ஒரு நெல்லளவு நிமிர்ந்தது.

குத்தி விழுந்து கட்டிலுக்குக் கீழ் உருண்டது.
குனிந்து தேடுகிறாள்.
"இன்னொருக்கா," கீழேயிருந்து அவள் குரல்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நித்திரையில் தரிப்பிடம் மாறி இறங்கிவிட்டவனைப் போல
நடுங்கிக்கொண்டு நிற்கிறது.
நிற்கட்டும்.
அவனிடம் நான் டிக்கட் கேட்கப்போவதில்லை.