ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர்

ஆறு வருடம் நான் முழங்காலில் வேலை செய்தேன்.
ஒரு மீற்றர் அகலப் பாதை,
இரு பக்கமும் சிவப்புத் தடி,
முகத்துக்கு முன்னால் கீறல் விழுந்த கண்ணாடி.
கருவி கத்தினால் நின்று, விரல் விரலாகக் கிண்டவேண்டும்:
சோடா மூடி,
சேலைக் கொக்கி,
யாரோ வேலி அடைத்த ஆணி.
சில நாள், அது.
அதை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
ஒரு நாளைக்குப் பத்துச் சதுர மீற்றர் முடித்தால்
பொறுப்பாளர் கெட்டிக்காரி என்பார்.

பிறகு அந்தத் தளம் முடிந்தது. சான்றிதழ் தந்தார்கள்.
இப்போது சாவகச்சேரியில் மருந்துக்கடை.
குளிசை எண்ணுகிறேன், பத்துப் பத்தாக.
விரல்கள் இன்னும் மெதுவாகத்தான் போகின்றன.
முதலாளிக்கு அதில் நம்பிக்கை,
வரிசையில் நிற்பவர்களுக்குக் கோபம்.

ஓட வந்தது சீனி வருத்தத்தால்.
என்னுடையதல்ல, ஓட்டோ தயாநிதியண்ணையுடையது.
மாதாமாதம் மருந்துக்கு வருபவர்
ஒரு நாள் துண்டை நீட்டாமல் காலை நீட்டினார்:
புதுச் சப்பாத்து.
"டொக்டர் நடக்கச் சொன்னவர். சும்மா நடக்க வெக்கமாக் கிடக்கு.
ஓடினா ஏதோ அவசரமெண்டு சனம் நினைக்கும்.
வாறியே?"

விடிய நாலரை, கொடிகாமச் சந்தி.
நாய்கள் முதல் வாரம் துரத்தின,
இரண்டாம் வாரம் கூட வந்தன,
மூன்றாம் வாரம் அலுத்துப்போய்ப் படுத்துக்கொண்டன.
ஐஸ் பக்டரி யூஜின் சேர்ந்தான்.
பிறகு வரணியிலிருந்து, கணக்கு ரியூசன் நடத்தும் சுபோதினி,
தூரத்தை எப்போதும் பின்னமாகச் சொல்பவள்:
"எட்டில மூண்டு முடிஞ்சுது."
யாரும் யாரையும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்கவில்லை.
கேட்க மூச்சு இருக்கவில்லை என்பதும் உண்மை.

தார் றோட்டில் நான் எல்லோருக்கும் முன்னால்.
நாகர்கோவில் தாண்டி மணல் தொடங்கியதும்
கால் நின்றுவிட்டது.
வழியில் ஒரு மீன் ரின், பாதி புதைந்து, துருவேறி.
என் உடம்பு அதைச் சுற்றிச் சதுரம் போட்டுக்கொண்டது.
யூஜின் திரும்பி வந்தான். சிரிக்கவில்லை.
"இது எங்கட மணல் அக்கா. நான் முன்னுக்குப் போறன்,
என்ர அடியில கால் வையுங்கோ."
வைத்தேன். சவுக்குத் தோப்பு வரைக்கும்,
மணற்காடு வரைக்கும்.
அவனுக்குப் பெரிய கால்.
எனக்கு இடம் மிச்சம் இருந்தது.

அன்று கடை திறக்கையில் கழுத்தெல்லாம் உப்பு.
ஒரு கிழவர் கேட்டார், கடலுக்குப் போனனியோ என்று.
ஓம் என்றேன்.

நாற்பத்திரண்டு ஓடுவதென்று குறித்தது ஒரு போயா நாள்.
எழுதுமட்டுவாள் தாண்டி, மண் ஒழுங்கைக்குப் பக்கத்தில்
நான் துப்புரவாக்கிய காணி.
கச்சான் பிடுங்கி முடிந்த வெறுந்தரை.
நடுவால் ஒரு பொடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான்,
நிலத்தைப் பார்க்காமல், போனைப் பார்த்தபடி.

அந்த நிலத்தில் நான் ஒருநாளும் நிமிர்ந்து நின்றதில்லை.

ஒழுங்கையை விட்டு இறங்கி ஓடினேன்.
பதினொரு மாதம்.
ஐம்பது காலடியில் முடிந்துவிட்டது.
இவ்வளவுதானா?
அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வந்தது பசி.
திரும்பிக் குறுக்காக ஓடினேன்,
பிறகு மூலைக்கு மூலை.

"விசரே உனக்கு?" தயாநிதியண்ணை கத்தினார்.
"இன்னும் இருபத்தஞ்சு கிடக்கு,
காலை ஏன் இஞ்ச வீணாக்கிறாய்?"
சுபோதினி மணிக்கூட்டைப் பார்த்து மனதுக்குள் கூட்டினாள்.
"இதுவும் கணக்கில வரும்."

சப்பாத்துக்குள் மண்.
குந்தித் தட்டப் போனேன், முழங்கால் வேண்டாமென்றது.
நின்றபடியே கழற்றினேன்,
ஒற்றைக் காலில்,
யூஜினின் தோளைப் பிடித்துக்கொண்டு.