உள்வாடகை

மண்டபம் ரயிலடிக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் கம்பெனி.
போர்டில் எழுதியிருக்கிற சர்வரை
மாடியேறி வருகிறவர்கள் கண்ணால் தேடுவார்கள்.
ஒரு மேஜை, ஒரு யூபிஎஸ்,
உப்புக்காற்று தின்ற மூன்றாவது ஃபேன்.

என்னிடம் சர்வர் கிடையாது.
யாரோ வாடகைக்கு எடுத்ததில்
ஒரு மூலையை நான் எடுத்து
பதினொரு துண்டாக்கி
பதினொரு பேருக்கு விட்டிருக்கிறேன்:
கருவாடு ஏற்றுமதி செய்யும் ஜைனம்பு லாத்தா,
பாம்பனில் இரண்டு லாட்ஜ்,
உச்சிப்புளி நர்சரி ஸ்கூல்,
டோக்கன் நாள் போடும் படகுக்காரர் சங்கம்,
சவேரிமுத்துவின் ஐஸ் பேக்டரி, இப்படி.
ரசீதில் என் பெயர் மட்டும்.

கார்த்திகையில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிய அன்று
காற்று அடித்தது இங்கே.
விழுந்தது,
இலை அசையாத ஏதோ ஓர் ஊரில்.
பதினொரு கடையும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன,
பத்தொன்பது மணி நேரம்.
‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்’ என்று
மிஷின் ஏழு தடவை பதில் போட்டது.
புயல்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.
நான் திருத்தவில்லை.

தை முழுக்க வேறு இடம் தேடினேன்.
அளவே இல்லாத இடம், மாதம் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
கீழே எறும்பு எழுத்தில்:
நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டது.
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம்
விழாது என்றான் ஒருத்தன்.
கணக்குப் போட்டால்
வருஷத்தில் எட்டே முக்கால் மணி நேரம்
இருட்டாக இருக்க அவனுக்கு அனுமதி உண்டு.
முதல் வருஷ விலை தலைதீபாவளி விருந்து.
அடுத்த வருஷம்தான் மாமனார் முகம் தெரியும்.

மாசியில் சவேரிமுத்து பில் கட்ட வந்தார்,
சட்டையெல்லாம் அம்மோனியா நெடி.
திரையை எட்டிப் பார்த்துக் கேட்டார்:
“கரண்ட் போனா எத்தன மணி நேரம் தாங்கும்?
ஜெனரேட்டர் போடுறவன் யாரு, பேரு என்ன?
ராத்திரி உருகுனா
விடியிறதுக்குள்ள எனக்கு யாரு சொல்லுவா?”

பதினாறு கேள்வி எழுதி வைத்திருந்தேன்.
இதில் ஒன்றுகூட இல்லை.

அன்றிரவு இரண்டே முக்காலுக்கு
சலித்து எடுத்த மூன்று பேருக்கும்
அவர் கேட்டதை அப்படியே அனுப்பினேன்.
ஒன்று உடனே வந்தது: முக்கியம்.
ஒன்று காலை பத்துக்கு, சிரிக்கும் மஞ்சள் முகமும்
தள்ளுபடிக் கூப்பனும்.
இன்னொன்று நாலு பத்துக்கு,
அடியில் ஒரு பெயர்: சுபாங்கி, நைட் ஷிப்ட்.
‘ஜெனரேட்டர் பதினாலு மணி நேரம் ஓடும்.
அதற்குமேல் டீசல் வண்டி வரணும்.
போன மழையில் ஒரு தடவை வரவில்லை.
பேக்கப் வாரத்துக்கு ஒன்றுதான், அதை நம்பாதீர்கள்,
உங்கள் கையில் ஒரு பிரதி வையுங்கள்.’

மாதம் நானூறு ரூபாய் கூடுதல்.
வராமல் போன அந்த டீசல் வண்டிக்குத்தான்
நான் பணம் கட்டினேன்.

மாற்றுவதைத் தடைக்காலத்துக்குத் தள்ளி வைத்தேன்.
படகுகள் கரையேறிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்க
யாரும் எதையும் தேடாத சித்திரை வெயிலில்
கடை கடையாகத் தூக்கி வைத்தேன்.
நர்சரி ஸ்கூல் மெயிலில் மட்டும்
இரண்டு நாள் தொலைந்துபோனது.
ஸ்டெல்லா டீச்சர் இன்னும் பேசுவதில்லை.

அப்புறம் பதினொரு பேருக்கும் எழுதினேன்.
விலை கூடுகிறது.
இடம் என்னுடையதில்லை, வாடகை.
கார்த்திகையில் விழுந்தது புயலால் இல்லை.

ஒரு லாட்ஜ்காரர் கணக்கை முடித்துக்கொண்டார்.
ஜைனம்பு லாத்தா போன் போட்டாள்:
“அப்ப நீ எதுக்கு?”

ராத்திரி மூணு மணிக்கு
யாரை எழுப்பணும்னு தெரிஞ்சு வச்சிருக்க, என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
அவள் பக்கத்தில் யாரோ
பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும் சத்தம்,
நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று.

“சரி,” என்றாள்,
“எனக்கு மட்டும் பழைய ரேட்டே போடு.”