இழப்பு மதிப்பீடு

பாரத்தின் மூன்றாவது கட்டம்:
தயாரிப்பு ஆண்டு.
பேனா அங்கேயே நின்றுவிட்டது.

ஜெலுத்தோங்கில்
மீனுக்கு ஐஸ் உடைக்கிற கிடங்கை ஒட்டிய பட்டறை.
தூக்கியின் மேல் அந்த வெள்ளிநிறக் காடி,
தேய்ந்த சோப்புக்கட்டிபோல்
எங்கும் மூலையில்லாத உடம்பு.
வளைவெல்லாம் ஐம்பத்தேழாம் ஆண்டு போர்ஷே.
அடித்தட்டு எழுபத்தொன்றில் ஓடிய ஃபோக்ஸ்வேகன் வண்டு,
கிராண்டு அதைத்தான் சொல்கிறது.
ஃபைபர் ஊற்றிக் காய்ந்தது
போன தீபாவளிக்கு முந்தின வாரம்.
மூன்று ஜாதகம், ஒரு பிள்ளை.
எந்தப் பிறந்தநாளிலிருந்து
நான் தேய்மானம் கழிப்பது?

பின்னால் ஒரு மைவி இடித்திருக்கிறது,
கெர்னி டிரைவில், பசெம்போர் வாங்க நிறுத்தியபோது.
அசலாக இருந்தால் தகரம் மடங்கியிருக்கும்.
இது வெடித்திருக்கிறது:
விரிசலுக்குள் வெள்ளை நார்,
முற்றின மரவள்ளியை ஒடித்ததுபோல்.

"அசல் ஒன்னு பட்டர்வொர்த்ல இருக்கு,"
என்றான் ஆ சூன், பாதி மலாய், பாதி தமிழ்.
"தார்ப்பாய், அதுமேல தார்ப்பாய்.
மழை நாள்ல எடுக்கமாட்டாரு.
வெயில் நாள்லயும் எடுக்கமாட்டாரு.
அது காடியா, உண்டியலா?"

உணவு இடைவேளையில் உரிமையாளர் வந்தார்.
டாக்டர் ரோஸ்லின் அருளப்பன், பல் மருத்துவர்,
முகக்கவசம் தாடையில் தொங்க.
"என்ன விலை போடப்போறீங்க?"

கணினி இரண்டு எண் காட்டியது.
அசலின் விலைக்கு தஞ்சோங் பூங்காவில் வீடு வாங்கலாம்.
பழைய வண்டின் விலைக்கு
அந்த வீட்டுக்குக் கதவு வாங்கலாம்.
இடையில் ஒன்றுமில்லை.

"ஒரு லட்சத்து எண்பதாயிரம் வெள்ளி கொடுத்தேன்.
வித்தா பாதி வராது, தெரிஞ்சுதான் வாங்கினேன்.
கதவு மூடினா பிஸ்கட் டின் சத்தம்.
மூணாவது கியர் கெஞ்சினாதான் விழும்.
ஆனா காலை ஆறரைக்கு பத்து ஃபெரிங்கி வளைவுல,
ஒரு பக்கம் கடல்,
முதுகுக்குப் பின்னால எஞ்சின்
தையல் மிஷின்போல தச்சுக்கிட்டே வர,
ஒருநாள்கூட விலை ஞாபகம் வந்ததில்ல."

பிறகு, கொஞ்சம் கோபமாகவே:
"தினமும் பீங்கான் பல் கட்டுறேன்.
கட்டிக்கிட்டவங்க கொய்யா கடிக்கிறாங்க.
கொய்யா போலின்னு யாரும் இதுவரை திரும்பி வரல."

"உப்புக்காத்துல துருவும் பிடிக்காது,"
என்றான் ஆ சூன், விளக்கை இறக்கியபடி.
"பொய்க்கு அந்த ஒரு வசதி."

மூக்கில் இரண்டு துளைகள் கண்டேன்.
சின்னம் இருந்த இடம்.
இடித்ததில் விழுந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம், என்றேன்.

"விழல. வாங்கின அன்னைக்கே கழட்டிக் கொடுத்துட்டேன்.
சிக்னல்ல மோட்டார் சைக்கிள் பையன்க கேப்பாங்க, அசலான்னு.
பச்சை விழறதுக்குள்ள
பொய் சொல்ல நேரம் இருக்கு.
அதை நம்பி அவன் சிரிக்கிறான் பாருங்க,
அதைத்தான் தாங்கமுடியல."

துளை வழியே மழை இறங்குமாம்.
சூயிங்கம் வைத்து அடைத்திருக்கிறார்.
பல் மருத்துவர்.

மூன்றாவது கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
விலைக்கு நேராக
கணினி காட்டாத எண் ஒன்றை எழுதினேன்.
கோலாலம்பூர் தலைமையகம்
சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பும்.
அனுப்பட்டும்.

வெளியே சுவரோரம் அச்சு சாய்ந்திருந்தது,
அதே உடம்பு, உட்புறம் வெளியே தெரிய.
அதில் நேற்றைய மழை.
ஐஸ் கிடங்குப் பூனை ஒன்று
சாவகாசமாய் நக்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது எப்போது முடியும் என்று கேட்டேன்,
சும்மாதான்.
"பதினாலு மாசம். முன்பணம் திரும்பாது."
தூக்கியை இறக்கிக்கொண்டே கேட்டான்:
"உனக்கு என்ன நிறம்?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்,
காதில் விழாதவன்போல்.
என் பழைய கப்சாய்
நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது.